எட்டுக் கூறு

நாவல்தாங்கலில் நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள் கீழே விழ ஆரம்பித்தது ஓர் ஆடி மாசத்தில், ரேஷன் கடை வாசலில், பட்டப்பகலில். விழுந்த முதல் வார்த்தை ‘வெரிஃபிகேஷன்’. அதைச் சொன்னவர் கடைக்காரர், அது விழுந்தது வரிசையில் முதலாவதாக நின்றவரின் இடது கால் கட்டைவிரல் மேல். வலி தாங்காமல் அவர் வாயிலிருந்து வந்த நாலைந்து தமிழ் வார்த்தைகள் காற்றோடு போய்விட்டன, இங்கிலீஷ் வார்த்தை மட்டும் கருங்கல் நிறத்தில் ஒரு முழ நீளத்துக்கு மண்ணில் கிடந்தது. அது ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. கார்டில் பேத்தி பேர் ஏன் ஏறவில்லை என்று நாலு மாசமாகக் கேட்டே பதில் வராத இடத்தில் இதைப் போய் எவன் கேட்பான்?

ஒரு வாரத்தில் ஊருக்கு விஷயம் பிடிபட்டது. எல்லா வார்த்தையும் விழுவதில்லை. பஸ்ஸு, டிக்கெட்டு, ஆபீஸு எல்லாம் எப்போதும்போலக் காற்றில் கரைந்துவிடும். நாலு துண்டுக்கு மேல் போனால்தான் விழும். எத்தனை துண்டு என்று எப்படித் தெரியும் என்றால், அதற்கு ஒரு வழியைப் பள்ளிக்கூடத்து ஜெபமணி டீச்சர் சொல்லிக்கொடுத்தார்: தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு வார்த்தையை மெதுவாகச் சொல்ல வேண்டும், தாடை எத்தனை தடவை இறங்கிக் கையில் இடிக்கிறதோ அத்தனை துண்டு. அன்றிலிருந்து டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், கோயில் வரிசையில் எங்கே பார்த்தாலும் ஜனங்கள் தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஊர் முழுக்கப் பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் பிடிபட்டது. வார்த்தையில் எல்லாத் துண்டும் ஒரே எடை இல்லை. சொல்கிறவர் எந்த இடத்தில் குரலை அமுக்குகிறாரோ அந்தத் துண்டில்தான் கனம் இறங்கும். ‘எலக்ட்ரிசிட்டி’ நடு வயிற்றில் கனத்து, ‘ட்ரி’ குப்புற அடித்து விழும். ‘டாக்குமென்டேஷன்’ கடைசிக்கு முந்தைய ‘டே’யில் கனத்து, வாலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். அந்த வால் இருக்கிறதே, ‘ஷன்’, அது எந்த வார்த்தையில் வந்தாலும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. ஊரில் ‘ஷன்’ வால் வைத்த வார்த்தை இல்லாத வீடு கிடையாது. கதவுக்கு முட்டு, கட்டில் காலுக்கு அண்டை, மேட்டில் நிற்கும் டவுன் பஸ்ஸின் பின்சக்கரத்துக்குத் தடை, எல்லாம் ‘ஷன்’தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தால் பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டவர்கள் போனைத் தள்ளிப் பிடித்து, கீழே ஒரு கூடையை வைத்துக்கொண்டார்கள். பேங்கில் கவுன்ட்டருக்கு முன்னால் சாக்கு விரித்தார்கள். அதற்கப்புறம் அது ஒரு பேச்சாகக்கூட இல்லை.

பழகிக்கொள்வதில் நாவல்தாங்கலை அடிக்க ஆள் கிடையாது, அதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. தோல் பதனிடுகிற ஷாப்பு வந்தபோது நாற்றத்துக்குப் பழகினார்கள். கிணற்றுத் தண்ணீர் பழுப்பானபோது மேலே தெளிந்ததை மொண்டு குடிக்கப் பழகினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே ஷாப்பின் கழிவுத் தொட்டியில் இறங்கிய அருமைநாதன் ஏறி வராதபோது, மேனேஜர் வந்து இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார், எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுச் சாவுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். அப்போது வார்த்தைகள் விழுவதில்லை. விழுந்திருந்தாலும் அண்டை கொடுக்க எடுத்துப் போயிருப்பார்கள்.

நவநீதமும் அன்றைக்குத் தலையாட்டியவள்தான். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறவள், நாற்பத்திரண்டு வயசு, கத்தி பிடித்த கை. அவள் புருஷன் தணிகாசலத்துக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேஸ்திரி வரதன் வந்து அவனைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனான். கழிவுத் தொட்டியில் அடைப்பாம், பத்து நிமிஷ வேலையாம். இரண்டரை மணிக்கு அவனைக் கயிற்றில் மேலே இழுத்தார்கள்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சின்ன வயசு டாக்டர், நவநீதத்தின் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, “கார்டியோரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்” என்றார். ‘அரெஸ்ட்’ சின்ன வார்த்தை, காற்றிலேயே கரைந்தது. முன்னால் இருந்தது விழுந்தது. அது விழுந்த சத்தத்தில் அடுத்த வார்டில் குழந்தை அழுதது, தரையில் இரண்டு ஓடு பிளந்தது. இதுவரை ஊர் பார்த்த வார்த்தைகளிலேயே பெரிது அது, எட்டுத் துண்டு, ஓர் ஆள் நீளத்தில் பாதி. டாக்டர் அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார். இன்னா சொன்னீங்க சார் என்று கேட்க இவள் வாயைத் திறப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

வண்டியில் பிணத்தை ஏற்றி, பக்கத்தில் வார்த்தையையும் ஏற்றினார்கள். வழியில் இரண்டு இடத்தில் வண்டி நின்றது. பொணம் கனமா இல்லம்மா, பக்கத்துல கீதே அதான் கனம், அத்த எறக்கி வுட்டுடலாமா என்று டிரைவர் கேட்டான். நவநீதம் வேண்டாமென்றாள். அவள் கையில் அவன் சாவைப் பற்றி யாராவது கொடுத்தது அது ஒன்றுதான்.

அப்படி வீட்டுக்கு வந்த வார்த்தை கூடத்தின் நடுவில் கிடந்தது. தணிகாசலத்தின் அம்மா லோகம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். வந்தவர் போனவர் எல்லோரிடமும் அவளுக்கு ஒரே கேள்வி: என் புள்ள எப்படி செத்தான்? வழுக்கி விழுந்தான் என்றார்கள் சிலர். இதயம் பலவீனமாம் என்றார்கள். மேஸ்திரி வரதன் மாலை போட வந்தவன், அவனா எறங்கினாம்மா, நான் வேணாம்னுதான் சொன்னேன் என்று செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கடைசியில் மருமகளைக் கேட்டாள். நவநீதம் கூடத்து நடுவில் கிடந்ததைக் காட்டி, ஆஸ்பத்திரியில் சொன்னது அதுதான் என்றாள். கிழவி நகர்ந்து நகர்ந்து போய் அதன் மேல் கையை வைத்தாள், தலையிலிருந்து வால்வரை தடவினாள்.

“இதுல எங்கடி கீறான் என் புள்ள?” என்றாள்.

அன்றோடு கிழவி விடவில்லை. அடுத்த நாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் கேட்டாள். கருமாதி முடிந்தும் கேட்டாள். மகன் எப்படிச் செத்தான் என்று ஒரு தாய் கேட்டால், அதைச் சொல்லவேண்டிய வாய் எதுவோ அது சொல்லாதவரை அந்தக் கேள்வி அந்த வீட்டிலேயே சுற்றிச் சுற்றித்தான் வரும். சோறு இறங்கவில்லை இரண்டு பேருக்கும்.

கருமாதிக்கு அடுத்த நாள் நவநீதம் ஜெபமணி டீச்சரைக் கூட்டிவந்தாள். டீச்சர் தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். கார், டி, யோ, ரெஸ், பி, ரே, ட, ரி. எட்டு. கனம் முழுக்க ‘ரெஸ்’ஸில் இருந்தது, அதற்கு அடுத்த கனம் தலையிலிருந்த ‘கார்’. நவநீதம் வார்த்தையின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஆட்டுக்காலில் மூட்டு எங்கே என்று அவள் கண்ணால் தேடமாட்டாள், விரல்தான் கண்டுபிடிக்கும். சம்மட்டியால் அடித்தால் தெறிக்காத வார்த்தை, மூட்டில் கத்திமுனையை வைத்து ஒரு திருகு திருகினால் சொன்னபடி கேட்டது. ஏழு மூட்டு, ஏழு திருகு. எட்டுத் துண்டும் தரையில் வரிசையாகக் கிடந்தன.

அர்த்தம் என்ன என்று கேட்டாள். டீச்சர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். முதல் மூணும் சேர்ந்தால் இதயம். அப்புறம் ‘ரெ’ என்றால் மறுபடி, ‘ஸ்பிர்’ என்றால் மூச்சு விடுறது, மிச்சமெல்லாம் வால், சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். நாக்கு வெட்டுகிற இடம் ஒன்று, அர்த்தம் வெட்டுகிற இடம் வேறொன்று, இரண்டும் ஒன்றாக விழாது என்று டீச்சர் மன்னிப்புக் கேட்கிறவர் போலச் சொன்னார். ஆட்டிலும் அப்படித்தான், எலும்பு முடிகிற இடத்தில் கறி முடியாது என்றாள் நவநீதம்.

“சரி டீச்சர். மொத்தமா சேத்து இன்னா சொல்லுது?”

டீச்சர் துண்டுகளின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, இதயமும் மூச்சும் நின்னுபோச்சுன்னு சொல்லுதும்மா என்றார்.

நவநீதம் அவரையே பார்த்தாள். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான். செத்துப்போன எல்லாருக்கும் அப்படித்தானே ஆகும் என்று கேட்டாள். ஆமாம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும் என்றார் டீச்சர்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை அழுகை இருந்தது, பயம் இருந்தது, உள்ளே ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது, படித்தவன் யாராவது பிரித்துச் சொல்வான் என்ற நம்பிக்கை இருந்தது. பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. செத்தான் என்பதற்காகவா இத்தனை பெரிய பாறை? செத்தான் என்பது அவளுக்குத் தெரியாதா, தலையைத் தன் மடியில் வைத்து வாயிலிருந்த சேற்றை வழித்தவள் அவள்தானே? எப்படிச் செத்தான், எவன் இறக்கினான், இறக்குவதற்கு முன்னால் எவன் என்ன பார்த்தான், அதைச் சொல்ல இங்கிலீஷில் ஒரு வார்த்தை இல்லையா? இருக்கும். ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அது சொன்னவன் காலில் விழுந்திருக்கும். அவள் கத்தியைச் சுவரில் எறிந்தாள், அது காரையில் குத்தி நின்றது. லோகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் மருமகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

விசாரணை வைத்தார்கள். கார்த்திகை முதல் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, தோல் ஷாப்பு மீட்டிங் ஹாலில். செத்தவன் பெண்டாட்டி வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதோடு முடிந்தது என்று வரதன் வந்து சொல்லிவிட்டுப் போனான். நவநீதம் எட்டுத் துண்டையும் கறி கொண்டுபோகிற தள்ளுவண்டியில் ஏற்றி, தேக்கு இலையைப் போட்டு மூடினாள். ‘ரெஸ்’ஸைத் தூக்க மட்டும் நாலு பெண்கள் வேண்டியிருந்தது. கூடவே நாத்தனார் பவுனு வந்தாள், தணிகாசலத்தின் தங்கை. பவுனுவின் புருஷன் சம்பத்து அதே ஷாப்பில் வேலை பார்ப்பவன், தொட்டி ஓரத்தில் அன்றைக்கு நின்றவன், தணிகாசலம் தானாக வழுக்கி விழுந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். அதற்கப்புறம் பவுனு அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மீட்டிங் ஹாலில் தரை முழுக்க மெத்தென்று தென்னைநார்ப் பாய் விரித்திருந்தார்கள், வார்த்தை விழுந்தால் சத்தம் வரக் கூடாதென்று. அந்த ஏற்பாட்டுக்கு யோசித்த மூளையை ஒரு நாள், ஒரே ஒரு நாள், தொட்டிப் பக்கம் திருப்பியிருக்கலாம். நடுவில் விசாரணை அதிகாரி, அவருக்கு வலப்பக்கம் மேனேஜர் பிரபாகர், இடப்பக்கம் அந்தச் சின்ன வயசு டாக்டர். வேலையாட்கள் ஓரமாக நின்றார்கள். மேனேஜர் எழுந்து எழுதிவைத்ததைப் படித்தார். ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ விழுந்தது. ‘ப்ரிகாஷனரி’ விழுந்தது. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ ஆறு துண்டோடு விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. ஓர் அம்மா முறத்தோடு வந்து ஒவ்வொன்றையும் அள்ளிப் போனாள். படித்து முடித்து உட்கார்ந்தபோது மேனேஜர் முன்னால் தரை சுத்தமாக இருந்தது. அதிகாரி காகிதத்தை நவநீதம் பக்கம் தள்ளி, கையெழுத்து போடும்மா என்றார்.

நவநீதம் காகிதத்தைத் தொடவில்லை. தள்ளுவண்டியை உள்ளே இழுத்துவந்து, தேக்கு இலைகளை எட்டு இடத்தில் விரித்து, இலைக்கு ஒன்றாகத் துண்டுகளை வைத்தாள். ‘ரெஸ்’ஸை மட்டும் வண்டியைச் சாய்த்துச் சரித்துவிட்டாள். ஓரத்தில் நின்ற வேலையாட்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் பார்த்துப் பழகியதுதான் அது.

நாவல்தாங்கலில் கூறு போடுவது இப்படி. பத்து வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்கினால், கறியைப் பத்து இலையில் கூறு வைப்பார்கள். ஓர் ஆள் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இன்னொரு ஆள் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பான். திரும்பி நிற்பவன் ஒரு பேரைச் சொல்வான். எந்தக் கூறு என்று அவனுக்குத் தெரியாது, எந்தப் பேர் வரும் என்று தொடுகிறவனுக்குத் தெரியாது, அதனால் ஓரவஞ்சனை என்று எவனும் வாயைத் திறக்க முடியாது. பேர் விழுந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பாக வந்தாலும் வேண்டாமென்று சொன்னவன் ஊரில் கிடையாது. நவநீதம் கடையில் முதுகைக் காட்டி நிற்பவன் தணிகாசலம்தான். அவன் போனபிறகு அந்த ஊரில் ஆடு வாங்கவில்லை.

நவநீதம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இதென்னம்மா என்று அதிகாரி கேட்டார். பவுனு குனிந்து ‘கார்’ இருந்த இலையைத் தொட்டாள்.

“இது யாருக்கு?”

“சம்பத்துக்கு.”

பவுனுவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. தன் புருஷன் பேர், அதுவும் இருக்கிறதிலேயே இரண்டாவது கனம். ஆனால் சம்பத்து யோசிக்கவே இல்லை. இருபது வருஷ ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம், பேரைக் கூப்பிட்டதும் கால் தானாக முன்னால் வந்தது, கை தானாக நீண்டது, எடுத்துவிட்டான். எடுத்ததும் அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

பவுனு நிறுத்தவில்லை. ‘யோ’ யாருக்கு என்றாள், மேஸ்திரி வரதனுக்கு என்று வந்தது, வரதனும் பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த துண்டை விரித்து வாங்கிக்கொண்ட பிறகுதான் திருதிருவென்று விழித்தான். ‘டி’ டாக்டருக்கு. எல்லோரும் எடுக்கிறார்களே என்று அவரும் எழுந்து எடுத்துக்கொண்டார். ‘ரே’, வருஷத்துக்கு ஒரு தரம் வந்து கெஸ்ட் ஹவுஸில் உட்கார்ந்தபடியே தொட்டியைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆபீசருக்கு. அவர் அங்கே இல்லை, இலையில் மடித்துத் தனியாக வைத்தார்கள். ‘பி’ விசாரணை அதிகாரிக்கு, தமிழ் மட்டும் தெரிந்தவளுக்கு முன்னால் முழு விசாரணையையும் இங்கிலீஷில் நடக்கவிட்டதற்கு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வாங்கினார். ‘ட’ நாவல்தாங்கலுக்கு. ஓரத்தில் நின்ற முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்கள்.

இரண்டு இலை மிச்சம். ஒன்றில் வாலிலிருந்த குட்டி ‘ரி’, ஒன்றில் நாலு பேர் தூக்கிய ‘ரெஸ்’. மிச்சப் பேரும் இரண்டுதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் தலையாட்டியதை நவநீதம் தனக்கு மன்னிக்கவில்லை என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பவுனு ‘ரி’யைத் தொட்டாள்.

“இது யாருக்கு?”

நவநீதம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

“எனுக்கு,” என்றாள்.

கடைசிக் கூறுக்கு யாருக்கு என்று கேட்கிற வழக்கமில்லை, மிச்சமிருக்கிற பேருக்குத்தான் அது. மேனேஜர் பிரபாகர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அவர் நாவல்தாங்கல்காரர் இல்லை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். கூறு என்று அவர் எழுந்து வந்ததே கிடையாது, அவர் கை நீளாது. ஆனால் ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சார்வாள் கூறை வாங்கி அவர் வீட்டுக்குச் சுமந்துபோய்க் கொடுத்தவன் ஒருத்தன் இருந்தான். மேஸ்திரி வரதன் தன் கூறை இடுக்கிக்கொண்டு, சாரு கூறா, நான் எடுத்தாறேன் என்று குனிந்தான். நாலு பெண்கள் தூக்கியதை ஒற்றை ஆளாகத் தூக்கினான், ஏனென்றால் அது அவன் கூறு இல்லை, அவனுக்கு அது கனக்கவில்லை. கொண்டுபோய் மேனேஜர் மடியில் வைத்துவிட்டு, வைத்தபிறகு, ஐயோ சார் என்றான்.

மேனேஜருக்குச் சிரிப்பு நின்றது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியின் நாலு காலும் நார்ப்பாயைப் பொத்துக்கொண்டு தரையில் இறங்கின.

அதற்குள் சம்பத்து அழ ஆரம்பித்திருந்தான். மடியில் ‘கார்’ருடன் உட்கார்ந்து, “வழுக்கல. மச்சான் வழுக்கல. வெறுங்கயித்துல எறக்கினாங்க. கயித்த நான்தான் புடிச்சிக்கினு இருந்தேன். ரெண்டுவாட்டி ஆட்டினாரு, அப்புறம் ஆட்டல,” என்றான். சொல்லி முடித்தபோது அவன் மடியிலிருந்த துண்டு பொட்டுக்கடலை மாவாக உதிர்ந்தது. பவுனு முந்தானையால் அதைத் தட்டிவிட்டாள், அவனை அடிக்கிற மாதிரிதான் தட்டினாள். கனம் போகிற வழி எது என்று அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, மேனேஜருக்கும் தெரிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் டாக்டர் காகிதத்தைத் திருத்தி எழுதிவிட்டுத் தன் கூறை ஊதித் தள்ளினார். வரதன், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எழுப்பிக் கூட்டிப்போனது நான்தான், அவனா எறங்கல என்று பஸ் ஸ்டாப்பில் நின்று சொன்னான். அதிகாரி எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டார். கெஸ்ட் ஹவுஸ் ஆபீசர் கூறு பஸ்ஸில் ஏறிப் போனது, அந்த பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தே போனதாகச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அருமைநாதன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார்கள், மூணு வருஷம் கழித்து. நவநீதமும் போனாள். அருமைநாதன் பெண்டாட்டி கதவைத் திறக்கவில்லை, அவள் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. மூடிய கதவைப் பார்த்துத்தான் நவநீதம் தன் கூறைச் சொல்லித் தீர்த்தாள்.

மேனேஜர் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஷாப்பிலிருந்து பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டினார்கள், உத்தரம் வளைந்தது. வக்கீல் வந்தார், அவர் பேசப் பேச வேறு வார்த்தைகள் மடியில் சேர்ந்தன. ஊர் இதற்கும் பழகப் பார்த்தது. காலையில் ஒருத்தர் அவருக்கு டீ கொண்டுபோனார், ஒருத்தி இட்லி கொண்டுபோனாள், பாவம் எத்தனை நேரம்தான் உட்காருவார் என்று ஒரு குரல்கூடக் கிளம்பியது. பாவமாம்! நவநீதம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள், டீ கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினாள். பழகினதெல்லாம் போதும் என்றாள். அதற்கப்புறம் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மேனேஜர் தண்ணீர் கேட்டார். நவநீதம் எழுந்துபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் சொன்னார்.

“உள்ள காத்து இருக்கான்னு பாக்கற மெஷின் என் ரூம்ல இருந்தது. போன தடவை ஆள் செத்தப்ப வாங்கினது. பெட்டியைக்கூடப் பிரிக்கல. பிரிச்சிருந்தா ரெண்டு நிமிஷ வேலை. அடைப்பால லோடு நிக்குதேன்னு நான்தான் எறக்கச் சொன்னேன். உள்ள காத்து இல்ல. மூச்சுக்குத் தவிச்சுச் செத்தான்.”

எல்லாம் சின்னச் சின்ன வார்த்தை. ஒன்றும் கீழே விழவில்லை. அவர் மடியிலிருந்தது பொடியாகிப் பாயில் கொட்டியது, வக்கீல் சேர்த்த மிச்சமும் அதோடு போனது. வாசலில் கூடியிருந்த வேலையாட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பவுனு சுவரில் தலையை முட்டிக்கொண்டு அண்ணா அண்ணா என்று அழுதாள்.

நவநீதம் அழவில்லை. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள், ஆறவில்லை. இரண்டு நிமிஷம். சோற்றுத் தட்டில் தணிகாசலம் மிச்சம் வைத்துவிட்டுப் போன நாலு வாய்ச் சோற்றைச் சாப்பிட்டு முடிக்க அந்த இரண்டு நிமிஷம் போதும்.

மேனேஜர் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். சட்டையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு வாசலைப் பார்த்தார். அங்கே நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. நவநீதம் விலகவில்லை.

“ஒக்காருங்க சார்,” என்றாள். “எங்க மாமியாரு வராங்க. முட்டி வலி, செவுரு செவுரா புடிச்சிக்கினுதான் வருவாங்க, நேரமாவும். அவங்க கேட்டா நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க.”

கதவு திறந்திருந்தது, அவர் மடியில் எதுவும் இல்லை. மேனேஜர் உட்கார்ந்தார்.